பழைய டீசல் காரில் எரிபொருள் ஓட்டக் கோளாறுகள்: கண்டறியும் முறை

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தும்போது உண்டாகும் சூடே டீசலைப் பற்றவைக்கிறது. எனவே கம்ப்ரெஷன் நன்றாக இருக்கும் எஞ்சின் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பது, தேவையான டீசல் உரிய நேரத்தில், காற்றுக் கலப்பில்லாமல் வந்து சேர்கிறதா என்பதுதான். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாகக் காமன் ரெயில் முறை கார்களுக்கு வருவதற்கு முன், பெரும்பாலான டீசல் கார்களில் இந்த வேலையை இயந்திரப் பாகங்களே செய்தன. மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ123 வரிசைக் கார்கள், 1976இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் டீசல், இந்தியாவின் அம்பாசடர் டீசல், பேஜோ எஞ்சின் பூட்டிய மஹிந்திரா வண்டிகள் ஆகியவை இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

இவற்றில் கோளாறைப் படித்துச் சொல்லும் கணினி இல்லை. ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் கண்ணால் பார்த்து, கையால் பிரித்து, தனியாகச் சோதிக்க முடியும். இந்த வசதியைப் பயன்படுத்தாமல், வண்டி இழுக்கவில்லை என்றதுமே இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றிக் கலிப்ரேஷனுக்கு அனுப்புவது பரவலான வழக்கம். பம்ப்தான் இந்த அமைப்பில் விலை அதிகமான பாகம். நல்ல டீசல் கிடைத்துவந்தால் எளிதில் கெடாத பாகமும் அதுவே. கோளாறு பெரும்பாலும் டேங்க்குக்கும் பம்ப்பின் வாசலுக்கும் இடையில், வெடித்த ஹோஸிலோ, நசுங்கிய வாஷரிலோ, அடைபட்ட வலையிலோ இருக்கிறது. ஆகவே சோதனையும் டேங்க்கிலிருந்து தொடங்கி இன்ஜெக்டரை நோக்கிப் போக வேண்டும்.

டீசல் போகும் பாதை

பாதையை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். முதலாவது குறைந்த அழுத்தப் பகுதி. டேங்க், அதன் காற்றுத்துளை, அடியில் உள்ள வலை, இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ்கள், முன் ஃபில்டர், ஃபீட் பம்ப், முதன்மை ஃபில்டர் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது உயர் அழுத்தப் பகுதி. இன்ஜெக்ஷன் பம்ப், தடித்த எஃகுக் குழாய்கள், இன்ஜெக்டர்கள் ஆகியவை இதைச் சேர்ந்தவை. மூன்றாவது, எரியாமல் மிஞ்சும் டீசலை டேங்க்குக்குத் திருப்பிக் கொண்டுபோகும் ரிட்டர்ன் பாதை.

முதல் பகுதியிலும் ஒரு பிரிவு உண்டு. ஃபீட் பம்ப்புக்கு முந்திய குழாய்களில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஃபீட் பம்ப்புக்குப் பிந்திய குழாய்களில் டீசல் தள்ளப்படுகிறது. ஆகவே முந்திய பகுதியில் ஓட்டை விழுந்தால், எஞ்சின் ஓடும்போது காற்று உள்ளே நுழையும். பிந்திய பகுதியில் விழுந்தால் டீசல் வெளியே கசியும். கசிவு எதுவும் தெரியவில்லை என்பதால் பாதை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாததற்குக் காரணம் இதுவே.

பம்ப்பின் வகையையும் அறிந்திருக்க வேண்டும். மெர்சிடிஸ் 240டி, 300டி போன்றவற்றில் போஷ் இன்லைன் பம்ப் உண்டு. அதன் பக்கவாட்டில் ஃபீட் பம்ப்பும் கையால் அழுத்தும் பிரைமரும் பொருத்தப்பட்டிருக்கும். கோல்ஃபின் போஷ் விஇ வகைச் சுழல் பம்ப்புக்குத் தனி ஃபீட் பம்ப் கிடையாது. உள்ளே இருக்கும் வேன் பம்ப்பே டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கோல்ஃபில் டேங்க் முதல் பம்ப் வரை முழுப்பாதையும் உறிஞ்சும் பாதைதான். எந்த இணைப்பில் தளர்ச்சி இருந்தாலும் அங்கே காற்று நுழையும்.

எவ்வளவு டீசல் தேவை

72 குதிரைத்திறன் தரும் மெர்சிடிஸ் 240டி, முழுச்சுமையில் மணிக்கு 15 முதல் 17 லிட்டர் வரை டீசல் குடிக்கும். ஐடிலில் ஒரு லிட்டர்கூடத் தேவைப்படாது. பாதி அடைபட்ட ஃபில்டர் ஐடிலுக்கும் ஊருக்குள் ஓட்டுவதற்கும் போதுமான டீசலை விட்டுவிடும். நெடுஞ்சாலையிலோ மலையேற்றத்திலோ மட்டும் வண்டி மூச்சு வாங்கும். பட்டறை வாசலில் நின்றபடி எஞ்சினை முறுக்கிப் பார்த்து “நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்வது இதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது.

அதே எஞ்சின் உச்ச வேகத்தில் ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டீசல் ஏறத்தாழ 30 கன மில்லிமீட்டர்தான். இது ஒரு துளியைவிடக் குறைவு. டீசலை அழுத்தினால் அது கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, காற்று சுருங்கிவிடும். பம்ப்பின் பிளஞ்சருக்கு மேலே கடுகளவு காற்று இருந்தாலும் பிளஞ்சரின் நகர்வு காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகி, இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் எட்டப்படாமல் போகும்.

கோளாறு எரிபொருளில்தானா?

பாதையைப் பிரிப்பதற்கு முன் மற்ற காரணங்களை விலக்க வேண்டும். முதல் தடயம் புகை. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை என்று பொருள். வெண்புகை வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் டீசல் வருகிறது, எரியவில்லை. அப்போது பார்க்க வேண்டியவை ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன், செல்ஃப் சுற்றும் வேகம், டைமிங் ஆகியவை. ஓடும்போது கரும்புகை வந்தால் டீசல் பற்றாக்குறை இல்லை. காற்று குறைவு, அல்லது இன்ஜெக்டர் சரியாகத் தூவவில்லை. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்ற நிலைதான் டீசல் பற்றாக்குறையின் தெளிவான அடையாளம்.

கம்ப்ரெஷனை அளந்து பார்ப்பது வீண் வேலை அல்ல. மெர்சிடிஸின் ஓஎம்616, ஓஎம்617 எஞ்சின்களில் புதிதாக இருக்கும்போது 22 முதல் 24 பார் வரை இருக்கும். 15 பாருக்குக் கீழே இறங்கினால் எஞ்சின் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் டீசல் பாதையை எவ்வளவு செப்பனிட்டாலும் குளிர்ந்த எஞ்சின் எளிதில் பிடிக்காது. ஏர் ஃபில்டரையும் ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பெடலை முழுக்க மிதித்தும் பம்ப்பின் லீவர் கடைசிவரை போகவில்லையென்றால், அதுவும் இழுவைக் குறைவாகத்தான் தெரியும்.

நேரம் சொல்லும் செய்தி

கோளாறு எப்போது தலைகாட்டுகிறது என்பதே அதன் இடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். இரவு நின்ற வண்டி காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பின்பே பிடித்து, பிறகு நாள் முழுதும் ஒழுங்காக ஓடினால், நின்ற நேரத்தில் குழாயிலிருந்த டீசல் டேங்க்குக்கு இறங்கிவிட்டது. அந்த இடத்தைக் காற்று பிடித்திருக்கிறது. ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடினால், காற்று தொடர்ந்து நுழைகிறது.

கிளம்பும்போது சரியாக இருந்து, சில கிலோமீட்டரில் இழுவை குறைந்து, ஓரங்கட்டி நிறுத்திய சிறிது நேரத்தில் மறுபடி சரியானால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். நிற்கும்போது குப்பை வலையிலிருந்து விலகுகிறது, அல்லது டேங்க்குக்குள் உண்டான வெற்றிடம் மெல்ல நிரம்புகிறது. ஒரே சீராக மிஸ் அடித்தால் ஒரு சிலிண்டருக்கு மட்டும் உரிய இன்ஜெக்டரிலோ பம்ப்பின் டெலிவரி வால்விலோ பழுது. டேங்க் பக்கக் கோளாறு எல்லாச் சிலிண்டர்களையும் சேர்த்தே பாதிக்கும். முன்னறிவிப்பின்றி எஞ்சின் சட்டென்று நின்று, பிறகு அசையவே மறுத்தால், நிறுத்தும் சோலனாய்டு, அதன் ஒயர், டைமிங் பெல்ட் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

குளிர்ந்திருக்கும்போது எளிதாகப் பிடிக்கும் எஞ்சின், சூடான பின் நிறுத்தினால் மட்டும் பிடிக்க மறுப்பது தனி வகை. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த பம்ப்புக்குள்ளேயே கசிகிறது. செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் அழுத்தம் எழுவதில்லை. பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டு ஆறவிட்ட பின் எஞ்சின் பிடித்தால் சந்தேகம் வலுப்படும். பம்ப்பைக் கழற்றுவதற்கு உண்மையான காரணம் தரும் அறிகுறிகளில் இது முக்கியமானது.

காற்று நுழையும் இடங்கள்

காற்றைக் கண்டுபிடிக்கச் சிறந்த கருவி ஒரு முழம் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ். அதைப் பம்ப்பின் வாசலில் பொருத்தி எஞ்சினை ஓட்டினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். பாதையிலுள்ள காற்றை வெளியேற்றிய (ஏர் எடுத்த) உடனே சில குமிழிகள் வருவது இயல்பு. பத்து நிமிடம் ஓடிய பின்னும் நிற்காமல் வந்தால் எங்கோ கசிவு உண்டு. பிறகு தெளிந்த ஹோஸை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். குமிழி எந்த இடத்தில் மறைகிறதோ, அதற்கும் கடைசியாகக் குமிழி தெரிந்த இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை.

முதலில் பார்க்க வேண்டியவை வெடித்த ரப்பர் ஹோஸ்கள், கடினமாகிப் பிடிப்பு இழந்த முனைகள், தளர்ந்த கிளிப்புகள், பேஞ்சோ போல்ட்டுகளின் காப்பர் வாஷர்கள், ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம், கைப் பிரைமர் ஆகியவை. பழைய மெர்சிடிஸ் கார்களில் பிளாஸ்டிக் தலை கொண்ட கைப் பிரைமரின் சீல் தேய்வதும், இன்ஜெக்டர்களை இணைக்கும் துணி சுற்றிய மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்கள் நைந்துபோவதும் அடிக்கடி காணப்படும். கோல்ஃப் போன்ற விஇ பம்ப் வண்டிகளில் ரிட்டர்ன் ஹோஸில் ஓட்டை விழுந்தாலும், நிற்கும் நேரத்தில் அதன் வழியே காற்று புகுந்து பம்ப்பிலுள்ள டீசல் டேங்க்குக்கு இறங்கிவிடலாம்.

இந்தப் பழுதுகளுக்கு ஒரு பொதுக்காரணமும் உண்டு. பழைய கார்களின் சீல்கள், கந்தகமும் அரோமேட்டிக் சேர்மங்களும் மிகுந்த அந்தக் கால டீசலில் ஊறிப் பருத்து, அந்த அளவிலேயே பொருந்தியிருந்தவை. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும் முறையில் அரோமேட்டிக் சேர்மங்களும் குறைவதால் வயதான நைட்ரைல் ரப்பர் சுருங்கிக் கசியத் தொடங்கும். பயோடீசல் கலந்தால் வேறு வகை ரப்பர்கள் இளகும். எனவே ஹோஸ் மாற்றும்போது டீசலுக்கென்றே செய்யப்பட்ட வகையைப் போட வேண்டும். தண்ணீர் ஹோஸ் சில மாதங்களில் ஊதிவிடும்.

அடைப்பும் அழுக்கும்

டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறதா என்று அறிவது மிக எளிது. இழுவை குறையும் நேரத்தில் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாயும். உடனே வண்டி சரியாகிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. அடுத்தது டேங்க்கின் அடியிலுள்ள வலை. டபிள்யூ123இல் அதை வெளியிலிருந்தே பெரிய நட்டைக் கழற்றி எடுக்கலாம். டேங்க்கை முதலில் காலி செய்துவிட்டே அதில் கை வைக்க வேண்டும்.

நீர் டீசலைவிடக் கனமானது; டேங்க்கின் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். நீரும் டீசலும் சந்திக்கும் தளத்தில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை வளரும். அது கறுப்புக் கூழாக வந்து ஃபில்டரை அடைக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோர ஊர்களில், பாதி டேங்க்குடன் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். புதிய ஃபில்டர் சில நூறு கிலோமீட்டரிலேயே மறுபடி அடைத்தால் குற்றம் ஃபில்டருடையதல்ல. டேங்க்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டர் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மண்ணெண்ணெய் கலந்த டீசல் வேறு வகையில் கெடுதல் செய்யும். இன்லைன் பம்ப்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அந்த இடத்தில் டீசலே எண்ணெயாகவும் வேலை செய்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு போதாது. ஆகவே கலப்படத்தின் விளைவு உடனே தெரியாமல், பம்ப் தேய்ந்த பிறகே தெரியும்.

அடைப்பையும் காற்றுக் கசிவையும் பிரித்தறிய வெற்றிட மானி உதவும். ஃபில்டருக்கும் உறிஞ்சும் பம்ப்புக்கும் நடுவில் அதை இணைத்து எஞ்சினை வேகப்படுத்த வேண்டும். முள் வெகுவாக ஏறினால் அதற்கு முன்னால் அடைப்பு இருக்கிறது. முள் ஏறாமல் ஹோஸில் குமிழி வந்தால் கசிவு.

கேன் சோதனை

எல்லாச் சந்தேகங்களையும் ஒரே வெட்டில் இரண்டாகப் பிரிக்கும் சோதனை இது. சுத்தமான டீசல் நிரப்பிய கேனைப் பம்ப்புக்குச் சற்று மேலே அசையாமல் கட்டி, அதிலிருந்து ஒரு ஹோஸைப் புதிய ஃபில்டர் வழியாகப் பம்ப்பின் வாசலுக்கு இணைக்க வேண்டும். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விட வேண்டும். கேன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

இப்போது கோளாறு மறைந்தால் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் குற்றமற்றவை. குறைந்த அழுத்தப் பகுதியிலும் ரிட்டர்ன் பாதையிலும் தேடினால் போதும். பிறகு டேங்க் குழாயை மறுபடி இணைத்து, ரிட்டர்னை மட்டும் கேனில் விட்டுப் பார்த்தால் எந்தப் பாதை என்பதும் பிரிந்துவிடும். கேனில் ஓடும்போதும் அதே கோளாறு நீடித்தால்தான் உயர் அழுத்தப் பகுதியைத் தொட வேண்டும். சில நூறு ரூபாயில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்ப்பைக் கழற்றுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஃபீட் பம்ப் உள்ள வண்டிகளில் அதன் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். ஃபில்டருக்குப் பிறகு ஐடிலில் அரை பாருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. சில எஞ்சின்களில் ஃபீட் பம்ப் டயஃப்ரம் வகையைச் சேர்ந்தது; எஞ்சின் பிளாக்கிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதன் டயஃப்ரம் கிழிந்தால் டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ எஞ்சினை ஓட்டக் கூடாது. ஆயில் நீர்த்து பேரிங்குகள் அழியும். எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும் ஆபத்தும் உண்டு.

பம்ப்பும் இன்ஜெக்டரும்

வாசல் வரை நல்ல டீசல் வந்தும் இன்ஜெக்டருக்குப் போகவில்லையென்றால், முதலில் நிறுத்தும் அமைப்பைப் பார்க்க வேண்டும். விஇ பம்ப்பில் 12 வோல்ட் சோலனாய்டு உண்டு. சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். மெர்சிடிஸில் வெற்றிடத்தால் இயங்கும் நிறுத்தி. வேறு பல வண்டிகளில் கையால் இழுக்கும் கேபிள். ‘நிறுத்து’ நிலையிலேயே சிக்கிக்கொண்ட லீவரால், நல்ல பம்ப்பும் செத்த பம்ப்பைப்போலத் தோன்றும்.

அடுத்து டைமிங். ஓஎம்617இல் பம்ப் டீசல் தரத் தொடங்க வேண்டிய இடம் மேல் உச்சப் புள்ளிக்கு 24 பாகை முன்னால். டைமிங் செயின் நீண்டுவிட்டால் அது தாமதமாகும். அப்போது இழுவை குறையும், வெண்புகை வரும், எஞ்சின் ஒலி மந்தமாகும்.

மிஸ் அடிக்கும் சிலிண்டரைக் கண்டறிய, ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் வரிசையாகச் சற்றுத் தளர்த்தலாம். எந்த நட்டைத் தளர்த்தியும் எஞ்சின் ஒலி மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அந்த இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தினால், கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்து, காரணம் இன்ஜெக்டரா அல்லது பம்ப், கம்ப்ரெஷன் ஆகியவற்றில் ஒன்றா என்று பிரிக்கலாம். இந்த வேலையில் கண்ணாடி அணிவது கட்டாயம். இன்ஜெக்டர் முனையிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயம் கையையே இழக்கச் செய்யக்கூடியது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழற்றிய இன்ஜெக்டரை நாசில் டெஸ்டரில் வைத்து நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எப்படித் தூவுகிறது, திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே பிடித்தால் முனை சொட்டுகிறதா, உள்கசிவு எவ்வளவு. டர்போ இல்லாத ஓஎம்617இல் புதிய நாசில் 115 முதல் 125 பாரில் திறக்க வேண்டும்; 100 பாருக்குக் கீழே போனால் பழுது. எல்லா இன்ஜெக்டர்களும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் திறப்பது, தனித்தனி அளவுக்குச் சமமாக முக்கியம். திரும்பப் பொருத்தும்போது ஹீட் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும்; பழையது மறுபடி சரியாக அமராது.

ஏர் எடுத்தலும் சரிபார்த்தலும்

பாதையைத் திறந்த ஒவ்வொரு முறையும் காற்று புகும். அதை வெளியேற்றாமல் எஞ்சின் பிடிக்காது. கைப் பிரைமர் உள்ள வண்டியில் ஃபில்டரின் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை அழுத்தி, ஸ்குருவை முடுக்கி, பிறகு பம்ப்புக்கும் அதையே செய்ய வேண்டும். விஇ பம்ப் வண்டியில் ஃபில்டரை நிரப்பிக்கொள்வது நல்லது. அப்போது டீசலை ஃபில்டரின் அழுக்குப் பக்கத் துளைகளில்தான் ஊற்ற வேண்டும். நடுத்துளையில் ஊற்றினால் அது வடிகட்டப்படாமலே பம்ப்புக்குப் போகும். கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் எட்டியதும் முடுக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரை அரை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து சுற்றாமல் ஆறவிடுவது அவசியம்.

பழுது நீங்கிவிட்டது என்பதற்கு எஞ்சின் பிடித்ததே சான்றாகாது. காற்றுக் கோளாறு என்றால் இரவு முழுதும் நிறுத்தி, காலையில் முதல் சுற்றிலேயே பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைப்பு என்றால் முழுச்சுமையில் நீண்ட ஏற்றத்தில் ஓட்ட வேண்டும். சூட்டில் பிடிக்காத கோளாறு என்றால், நன்றாகச் சூடேறிய எஞ்சினைக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி அடித்துப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் கோளாறு தோன்றியதோ அதே நிலையில் அது திரும்ப வராதபோதுதான் கண்டறிதல் சரி என்று ஆகும். ஒரே நேரத்தில் நான்கு பாகங்களை மாற்றாமல், ஒன்றை மாற்றி ஒருமுறை சோதித்தால், எது காரணம் என்பதும் ஐயமின்றித் தெரிந்துவிடும்.